ஸ்பானிஷ் வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

கேள்வி இதுதான்: ஸ்பானிஷ் வினை வடிவங்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க முடிகிறது, ஆனால் எழுதும்போது எந்த வடிவத்தில் உயிரெழுத்தின் மேல் சாய்கோடு போடுவது, எதில் போடக்கூடாது என்று குழம்புகிறது. ‘நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம்’ என்பதற்குக் கோடு உண்டு. அதே காலத்தில் ‘நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள்’ என்பதற்குக் கோடு கிடையாது. ஏன்? முதலில் இந்தச் சொற்களை அசை பிரிப்பது எப்படி?

கோட்டை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதுதான் என் பதில். ஸ்பானிஷ்காரர்கள் தில்தே என்று அழைக்கும் அந்தக் கோடு ஒரு விளைவு மட்டுமே. வினையில் அழுத்தம் எங்கே விழும் என்பதைக் காலம் முடிவு செய்கிறது. அது இலக்கணத்தின் பகுதி. அழுத்தம் தெரிந்து, சொல்லையும் சரியாக அசை பிரித்துவிட்டால், கோடு வேண்டுமா வேண்டாமா என்பது தானாக வந்து நிற்கும். பலர் இதைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். கோட்டைப் பார்த்து அழுத்தத்தைக் கண்டுபிடிக்கிறார்கள், அதனால் கோடு இல்லாத சொல்லைப் பார்த்ததும் தடுமாறுகிறார்கள்.

எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அதற்கு நம் எழுத்தில் அருமையான ஒரு வசதி இருக்கிறது: குறில், நெடில். அழுத்தம் விழும் அசையை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதுகிறேன். அசைகளுக்கு நடுவே சிறு கோடு. ஸ்பானிஷ் எழுத்தில் தில்தே வரும் அசையின் முடிவில் ´ என்ற குறி. ‘நான் பாடுகிறேன்’ என்பது கான்-தொ. ‘அவர் பாடினார்’ என்பது கன்-தோ´. ஒரே எழுத்துகள்தான், அழுத்தம் இடம் மாறியதும் ஆளும் மாறிவிட்டது, காலமும் மாறிவிட்டது. இதில் ஓர் எச்சரிக்கை. ஸ்பானிஷில் நம்மைப் போல் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. அழுத்தம் பெறும் உயிர் சற்றே நீளும், குரல் சற்று உயரும், அவ்வளவுதான். படம், பாடம் அளவுக்கு இழுத்துவிட வேண்டாம். ஆனால் தமிழ்க் காதுக்கு அந்தச் சிறு நீட்சி நன்றாகவே பிடிபடும் என்பதால் இந்த எழுத்துமுறை உதவும். ப என்று எழுதுவதை ஒலிப்புள்ள ப ஆகவும், த என்று எழுதுவதை ஒலிப்புள்ள த ஆகவும் படிக்க வேண்டிய இடங்கள் வரும். அசைக்கும் அழுத்தத்துக்கும் அந்த வேறுபாடு தேவையில்லை. இன்னொன்று, யாப்பில் படித்த நேரசை, நிரையசையை இங்கே மறந்துவிடுங்கள். இங்கே அசை என்றால் ஓர் உயிர் அல்லது ஒன்றாக ஒலிக்கும் உயிர்க்கூட்டம், அதோடு ஒட்டும் மெய்கள்.

மெய்களைப் பிரிப்பது எளிது. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது பின்னால் வரும் உயிரோடு போகும்: ‘சாப்பிடு’ என்ற வினை கொ-மேர். இரண்டு மெய் இருந்தால் ஆளுக்கொன்று: கன்-தார். ஆனால் ர், ல் இரண்டும் முன்னால் உள்ள வல்லெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அந்தச் சேர்க்கையை உடைக்கக்கூடாது. ‘பேசு’ அ-ப்லார், ‘திற’ அ-ப்ரீர், ‘வாங்கு’ கொம்-ப்ரார், ‘கற்றுக்கொள்’ அ-ப்ரென்-தேர். தமிழ்க் காது அப்-லார் என்று பிரிக்கத் துடிக்கும், விடக்கூடாது. எழுத்தில் இரட்டையாகத் தெரிந்தாலும் ஒலியில் ஒன்றான ச, ய, ற மூன்றும் ஒரே மெய்தான்: எஸ்-கு-சார் (கேள்), ய-மார் (அழை), கொ-றேர் (ஓடு). மெய்கள் மூன்று நான்கு கூடும்போது ஸ் முன் அசையோடு நிற்கும்: இன்ஸ்-த-லார், கொன்ஸ்-த்ர்வீர். மெய்களைப் பற்றி இவ்வளவு போதும்.

உயிர்களில்தான் எல்லாச் சிக்கலும். அ, எ, ஒ மூன்றும் வலிய உயிர்கள். இ, உ இரண்டும் மெலியவை. இரண்டு வலிய உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் எப்போதும் தனித்தனி அசை: ‘படி’ என்ற வினை லெ-ஏர், ‘நான் படிக்கிறேன்’ லே-ஒ, ‘விழு’ க-ஏர். ஒரு வலிய உயிரும் அழுத்தம் இல்லாத ஒரு மெலிய உயிரும் சேர்ந்தால் ஒரே அசை: ‘நான் மாற்றுகிறேன்’ காம்-ப்யொ, இரண்டே அசை. மெலிய உயிர் மேல் அழுத்தம் விழுந்து, பக்கத்தில் வலிய உயிர் இருந்தால் இரண்டும் பிரிந்துவிடும். அப்போது தில்தே கட்டாயம்: ‘நான் அனுப்புகிறேன்’ என்-பீ´-ஒ, மூன்று அசை. இரண்டு மெலிய உயிர்கள் சேர்ந்தால் எழுத்து விதிப்படி எப்போதும் ஒரே அசை.

தமிழர்கள் அதிகம் இடறும் இடம் இந்த காம்-ப்யொ வகைதான். நம் மொழியில் மெய்க்குப் பின்னால் உடனே ய், வ் ஒட்டி வருவது குறைவு. அதனால் நடுவில் ஓர் இகரத்தைப் போட்டு ‘கம்பியோ’ என்று மூன்று அசையாக்கிவிடுகிறோம். அந்தோனியோ என்ற பெயரை நாம் ஐந்து எழுத்தாக நீட்டி எழுதுவதும் இதனால்தான். ஸ்பானிஷில் அது அன்-தோ-ந்யொ, மூன்று அசை. பெயரில் அப்படிச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. வினையில் அசை எண்ணிக்கை தவறினால் கடைசி அசை எது, அதற்கு முந்தியது எது என்பதே மாறிப்போய், அடுத்து வரும் விதி முழுக்கத் தவறாகிவிடும்.

எழுத்தில் எச் வரும் வினைகளும் உண்டு. அது ஒலிக்காது, உயிர்களுக்கு நடுவே நின்றாலும் இல்லாதது போலவே கணக்கு. ‘தடைசெய்’ ப்ரொய்-பீர், இரண்டு அசை. ‘தடைசெய்கிறார்’ ப்ரொ-ஈ´-பெ, மூன்று. ‘ஒன்றுசேர்’ என்ற வினையும் அதே மாதிரி: றெவ்-நீர், றெ-ஊ´-நெ.

இனி தில்தே விதி. சொல் உயிரிலோ ன், ஸ் ஆகிய இரண்டு மெய்களிலோ முடிந்தால் அழுத்தம் ஈற்றயல் அசையில், அதாவது கடைசிக்கு முந்திய அசையில், விழும் என்பது எதிர்பார்ப்பு. வேறு மெய்யில் முடிந்தால் ஈற்றசையில். எதிர்பார்த்த இடத்தில் விழுந்தால் கோடு வேண்டாம். விழாவிட்டால் விழும் இடத்தில் கோடு போட வேண்டும். ஈற்றயலுக்கும் முந்திய அசையில் அழுத்தம் விழுந்தால், கடைசி எழுத்து எதுவானாலும் கோடு உண்டு. இவற்றுக்கு மேலே நிற்பது சற்றுமுன் சொன்ன மெலிய உயிர் விதி. ‘கேள்’ என்ற பொருளுள்ள இன்னொரு வினை ஒ-ஈர்´. ர் இல் முடிகிறது, அழுத்தம் ஈற்றசையில். பொது விதிப்படி கோடே வேண்டாம். ஆனாலும் மெலிய ஈ தனியாகப் பிரிந்து நிற்பதால் கோடு போடுகிறோம். சிரி (றெ-ஈர்´), புன்னகை செய் (ஸொன்-றெ-ஈர்´) எல்லாம் இதே கதைதான். இந்தச் சிறு கூட்டத்தை விட்டால், அகராதியில் காணும் மூல வடிவம் எதற்கும் தில்தே வராது. எல்லாம் ர் இல் முடிகின்றன, அழுத்தமும் ஈற்றில்.

வேறு மெய்களுக்கு இல்லாத சலுகை ன், ஸ் இரண்டுக்கும் ஏன்? வினை விகுதிகளைப் பாருங்கள். ‘பாடுகிறார்’ கான்-த. ‘பாடுகிறாய்’ கான்-தஸ். ‘பாடுகிறார்கள்’ கான்-தன். ஸ் முன்னிலை ஒருமையைக் காட்டுகிறது, ன் படர்க்கைப் பன்மையைக் காட்டுகிறது. பெயர்ச்சொற்களின் பன்மைக்கும் ஸ் தான். இந்த விகுதிகள் சேர்ந்தாலும் அழுத்தம் அசைவதில்லை. ஆக, இந்த இரண்டு மெய்களையும் உயிர்போலவே கணக்கில் வைத்ததால், கான்-தஸ், கான்-தன் போன்ற ஆயிரக்கணக்கான வடிவங்களுக்குக் கோடு போடும் வேலை மிச்சமாகிறது. வினைகளை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விதி எவ்வளவு பொருத்தமானது என்பது புரியும்.

இப்போது காலங்கள். நிகழ்காலத்தில் ஆறு வடிவங்கள்:

கான்-தொ, கான்-தஸ், கான்-த, கன்-தா-மொஸ், கன்-தாய்ஸ்´, கான்-தன்.

நாம், நீங்கள் ஆகிய இரண்டில் மட்டும் அழுத்தம் வேரை விட்டு விகுதிக்கு நகர்கிறது. மற்ற நான்கிலும் வேரிலேயே நிற்கிறது. இதை வெறும் உச்சரிப்பு நுணுக்கம் என்று ஒதுக்கிவிடக்கூடாது. ‘நினை’ என்ற வினை ப்யேன்-ஸொ, ப்யேன்-ஸஸ், ப்யேன்-ஸ என்று போகும்; ‘நாம்’ வந்ததும் பென்-ஸா-மொஸ். ‘முடியும்’ என்ற வினை ப்வே-தொ, ஆனால் பொ-தே-மொஸ். ‘தூங்கு’ த்வேர்-மொ, ஆனால் தொர்-மீ-மொஸ். பாடநூல்கள் இவற்றை ஒழுங்கற்ற வினைகள் என்று தனிப் பட்டியலில் போட்டுப் பயமுறுத்துகின்றன. நடந்தது இதுதான்: லத்தீனில் குறுகியிருந்த எ, ஒ இரண்டும் அழுத்தம் பெற்ற இடங்களில் மட்டும் யே, வே என்று உடைந்தன, அழுத்தம் இல்லாத இடத்தில் பழையபடியே நின்றன. அதாவது அழுத்தம் எங்கே என்பது இந்த வினைகளில் கண்ணுக்கே தெரிகிறது. யே, வே எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்தம்.

‘இரு’ என்ற வினை மட்டும் நிகழ்காலத்திலும் எல்லா அழுத்தத்தையும் கடைசியில் வைக்கும்: எஸ்-தோய், எஸ்-தாஸ்´, எஸ்-தா´, எஸ்-தான்´. காரணம் அழகானது. லத்தீனில் அந்த வினையின் தொடக்கம் ஸ்த் மட்டுமே, முன்னால் உயிர் இல்லை. நாம் ஸ்கூலை இஸ்கூல் ஆக்குவதைப் போல ஸ்பானிஷ் பின்னாளில் அதன் முன் ஓர் எகரத்தை ஒட்டியது. ஒட்டவைத்த உயிர் அழுத்தத்தை வாங்கவில்லை. எஸ்-தோய் மட்டும் கோடில்லாமல் இருக்கிறதே என்று கேட்கலாம். அது எழுத்தில் முடிவது இகரத்தில் அல்ல, ‘இ கிரியேகா’ எனப்படும் எழுத்தில். கோட்டு விதிக்கு அது மெய்யாகவே கணக்கு.

தொடர் இறந்தகாலம்தான் உங்கள் கேள்விக்கு நேரடி விடை. ‘பாடிக்கொண்டிருந்தேன்’ முதல் வரிசையாக:

கன்-தா-ப, கன்-தா-பஸ், கன்-தா-ப, கன்-தா´-ப-மொஸ், கன்-தா-பய்ஸ், கன்-தா-பன்.

ஆறிலும் அழுத்தம் ஒரே தா மேல்தான். மாறுவது பின்னால் நிற்கும் அசைகளின் எண்ணிக்கை. ‘நாங்கள்’ வடிவத்தில் தா-வுக்குப் பின் இரண்டு அசைகள் இருக்கின்றன, அதனால் அது ஈற்றயலுக்கு முந்திய அசை, கோடு கட்டாயம். ‘நீங்கள்’ வடிவத்தில் பய்ஸ் என்பது அ, இ என்ற இரண்டு உயிர் எழுத்துகளைக் கொண்டிருந்தாலும் ஒரே அசை. ஆகவே தா ஈற்றயலில் நிற்கிறது, சொல் ஸ் இல் முடிகிறது, கோடு வேண்டாம். பக்கத்து வடிவத்தைப் பார்த்துப் பழக்கத்தில் இதற்கும் கோடு போட்டுவிடுவது ஸ்பெயின் நாட்டவரே செய்யும் பிழை. பய்ஸ் என்பதை விரலில் ஒரு தட்டாகத் தட்டிப் பாருங்கள். இரண்டு தட்டு விழுந்தால் பிழை அங்கேதான்.

இந்த ஆறும் ஒரே இடத்தில் அழுத்தம் பெறுவது பிறவியிலேயே வந்ததல்ல. லத்தீனில் ‘நாங்கள்’ வடிவத்தின் அழுத்தம் பா என்ற ஈற்றயலில் விழுந்தது. இத்தாலியில் இன்றும் கன்-த-வா-மொ தான். ஸ்பானிஷ் பேச்சாளர்கள் மற்ற வடிவங்களோடு ஒப்புமைப்படுத்தி அழுத்தத்தை ஓர் அசை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். அதே இழுப்பு இன்னும் ஓயவில்லை. விருப்ப வடிவமான (விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வடிவம்) அ-யா-மொஸ் என்பதை ஆ´-ய-மொஸ் என்று சொல்பவர்கள் மெக்சிகோவிலும் தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவிலும் பேச்சு வழக்கில் உண்டு. எழுத்து மொழி அதை ஏற்பதில்லை, தேர்வில் எழுதிவிடாதீர்கள். ஆனால் காதில் விழுந்தால், மொழி முன்பு போன பாதையிலேயே போக முயல்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

‘சாப்பிடு’ வகை வினைகளில் தொடர் இறந்தகாலம் கொ-மீ´-அ, கொ-மீ´-அஸ், கொ-மீ´-அ, கொ-மீ´-அ-மொஸ், கொ-மீ´-அய்ஸ், கொ-மீ´-அன். இங்கே ஆறுக்கும் கோடு உண்டு, ஏனென்றால் ஆறிலும் மெலிய ஈ அழுத்தம் பெற்று வலிய அ-வை விட்டுப் பிரிகிறது. இதோடு ‘சாப்பிட்டார்’ என்ற முற்று இறந்தகாலத்தை வைத்துப் பாருங்கள்: கொ-ம்யோ´, இரண்டே அசை. அழுத்தம் ஒ மேல் போனதும் இ வலுவிழந்து ய் ஆகி ஒட்டிக்கொண்டது. கோடு இருக்கிறது, ஆனால் காரணம் வேறு: சொல் உயிரில் முடிகிறது, அழுத்தம் ஈற்றில்.

முற்று இறந்தகாலம் முழுவதும்: கன்-தே´, கன்-தாஸ்-தெ, கன்-தோ´, கன்-தா-மொஸ், கன்-தாஸ்-தெய்ஸ், கன்-தா-ரொன். அழுத்தம் எங்கும் வேருக்கு வராது. ‘நான்’, ‘அவர்’ இரண்டுக்கு மட்டும் கோடு. இந்தப் பழக்கத்தில் ஊறிய பிறகு ‘சொன்னார்’, ‘செய்தார்’, ‘வந்தார்’ எல்லாவற்றுக்கும் கோடு போடத் தோன்றும். போடாதீர்கள். அவை தீ-ஹொ, ஈ-ஸொ, பீ-நொ, அழுத்தம் வேரில். ‘வைத்தார்’ பூ-ஸொ, ‘வைத்திருந்தார்’ தூ-பொ, இவையும் அப்படியே. லத்தீனிலேயே இந்த வினைகளின் இறந்தகாலம் வேரில் அழுத்தம் பெற்றிருந்தது. மிக அதிகமாகப் புழங்கும் வினைகள் என்பதால் பழைய வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டன. இவற்றின் வேர் உயிர் மாறியிருப்பதே அடையாளம். ‘நான்’ வடிவத்திலும் வேர் மாறிய இறந்தகாலத்தில் ‘நான்’, ‘அவர்’ வடிவங்களுக்குக் கோடு இல்லை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது.

எதிர்காலத்தை ‘பாட வேண்டியிருக்கிறது’ என்ற மாதிரி ஒரு பழைய தொடர் என்று பாருங்கள். கன்-தார் என்ற முழு வினையின் பின்னால் ‘கொண்டிரு’ என்ற பொருளுடைய துணைவினையின் நிகழ்காலம் ஒட்டியது: ஏ, ஆஸ், ஆ, ஏமொஸ், ஏய்ஸ், ஆன். பழைய ஸ்பானிஷில் இரண்டுக்கும் நடுவே ‘அதை’, ‘உனக்கு’ போன்ற சொற்கள் புகுந்து உட்காரும் அளவுக்கு அவை தனித்தனியாகவே இருந்தன. ஒட்டிய பிறகு அழுத்தம் துணைவினையில் தங்கிவிட்டது: கன்-த-ரே´, கன்-த-ராஸ்´, கன்-த-ரா´, கன்-த-ரே-மொஸ், கன்-த-ரேய்ஸ்´, கன்-த-ரான்´. நான்காவதில் மட்டும் பின்னால் ஓர் அசை இருப்பதால் கோடு இல்லை. ‘பாடுவேன், ஆனால்…’ என்ற நிபந்தனை வடிவமும் அதே துணைவினையின் இறந்தகாலம் ஒட்டியதுதான். எல்லாம் கன்-த-ரீ´-அ என்ற அச்சில், ஆறுக்கும் கோடு.

எதிர்கால கன்-த-ரா´ (பாடுவார்) என்பதையும் விருப்ப இறந்தகால கன்-தா-ர (பாடினால், பாடியிருந்தால்) என்பதையும் மாற்றி மாற்றிச் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். உரையாடலில் இந்த இரண்டும் மயங்கினால் வாக்கியத்தின் பொருளே கவிழும். விருப்ப இறந்தகாலத்திலும் ‘நாங்கள்’ கன்-தா´-ர-மொஸ், ‘நீங்கள்’ கன்-தா-ரய்ஸ். தொடர் இறந்தகாலத்தில் பார்த்த அதே கணக்கு.

இகரமும் உகரமும் வேரின் கடைசியில் நிற்கும் வினைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ‘மாற்று’ காம்-ப்யொ என்கிறது, ‘அனுப்பு’ என்-பீ´-ஒ என்கிறது. மூல வடிவத்தைப் பார்த்து எது எந்தக் கட்சி என்று சொல்ல முடியாது. கம்-ப்யார், என்-ப்யார் இரண்டும் அங்கே ஒரே சாயல். தொடர்புள்ள பெயர்ச்சொல் தெரிந்தால் ஓரளவு உதவும்: ‘படிப்பு’ எஸ்-தூ-த்யொ, அதனால் ‘படிக்கிறேன்’ என்பதும் எஸ்-தூ-த்யொ. ஆனால் முழுதாக நம்ப முடியாது. ‘விரிவான’ என்ற அடைச்சொல் ஆம்-ப்ல்யொ, ‘விரிவாக்குகிறேன்’ அம்-ப்லீ´-ஒ, ‘விரிவாக்கினார்’ அம்-ப்ல்யோ´. மூன்றும் மூன்று இடம். ஆகவே இந்த வகையில் புதிய வினை கற்கும்போது ‘நான்’ நிகழ்கால வடிவத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்வதுதான் வழி. உகர வினைகளில் நிலைமை மேல். ‘செயல்படு’ அக்-தூ´-ஒ, ‘தொடர்’ கொன்-தி-நூ´-ஒ என்று பெரும்பாலானவை பிரிந்தே வரும். உகரத்துக்கு முன் க ஒலி நிற்கும் வினைகள் விலக்கு: ‘விசாரித்து அறி’ அ-பெ-ரீ-க்வொ, ஒட்டியே இருக்கும். ‘காலிசெய்’ வினைக்கு எ-பா-க்வொ, எ-ப-கூ´-ஒ இரண்டும் ஏற்கப்பட்டவை.

இரண்டு மெலிய உயிர்கள் சேரும் ‘கட்டு’ வகையில் எழுத்தும் ஒலியும் சற்று விலகும். ‘கட்டப்பட்ட’ என்பதைப் பலர் நான்கு அசையாகவே சொல்கிறார்கள். எழுத்து விதி அதை மூன்றாகத்தான் எண்ணும்: கொன்ஸ்-த்ர்வீ-தொ, கோடு இல்லை. ஆனால் ‘படிக்கப்பட்ட’ லெ-ஈ´-தொ, கோடு உண்டு, ஏனென்றால் எ வலிய உயிர். இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் இரண்டுக்கும் கோடு போடுவது இயல்பான பிழை. இங்கே காதை நம்பாதீர்கள், விதியை நம்புங்கள்.

அப்புறம், வினையின் வாலில் ‘என்னை’, ‘அதை’ போன்ற சிறு சொற்கள் ஒட்டும்போது என்ன ஆகும்? அழுத்தம் அசையவே அசையாது. வால் நீள நீள, பின்னாலிருந்து எண்ணும்போது அழுத்த அசை தள்ளிப்போகும், கோடு தேவைப்படும். ‘சொல், எனக்கு’ தீ-மெ. ‘அதை எனக்குச் சொல்’ தீ´-மெ-லொ. ‘வாங்கு’ கோம்-ப்ர, ‘அதை வாங்கு’ கோம்´-ப்ர-லொ. ‘வாங்கிக்கொண்டு’ கொம்-ப்ரான்-தொ, ‘அதை வாங்கிக்கொண்டு’ கொம்-ப்ரான்´-தொ-லொ. தி-ஸ்யேன்´-தொ-மெ-லொ என்று அழுத்தத்துக்குப் பின் மூன்று அசைகள் வருவதும் உண்டு. தனிச் சொற்களில் காணக் கிடைக்காத அந்த நீளம் இந்த வினை வடிவங்களில்தான் வரும்.

அர்ஜென்டினா, உருகுவே, மத்திய அமெரிக்க நாடுகளில் ‘நீ’ என்பதற்கு ‘போஸ்’ என்கிறார்கள். அங்கே நிகழ்கால அழுத்தம் விகுதிக்குப் போய்விடும்: கன்-தாஸ்´, பொ-தேஸ்´, பென்-ஸாஸ்´. அழுத்தம் வேரை விட்டதால் ப்வே, ப்யேன் எல்லாம் மறைந்துவிட்டதைக் கவனியுங்கள். ஏவலும் அப்படித்தான்: கொம்-ப்ரா´. அதோடு ‘அதை’ சேர்த்தால் கொம்-ப்ரா-லொ, கோடு போய்விடும், ஏனென்றால் இப்போது அழுத்தம் எதிர்பார்த்த ஈற்றயலில். மாட்ரிட் விளம்பரம் கோம்´-ப்ர-லொ என்று கோட்டோடு எழுதும். புவெனஸ் அயர்ஸ் விளம்பரம் கோடில்லாமல் எழுதும். எழுத்துகள் அதே, சொல்லும் பொருளும் அதே, இரண்டும் சரி.

எல்லாவற்றையும் ஒரு சொல்லில் செய்து பார்ப்போம். ‘தொடர்’ வினையின் நிபந்தனை வடிவம், ‘நீங்கள்’ பன்மை. அதில் ஏழு உயிர் எழுத்துகள் வருகின்றன: ஒ, இ, உ, அ, இ, அ, இ. முதலில் காலம்: நிபந்தனை, ஆகவே அழுத்தம் விகுதியின் ஈ மேல். பிறகு அசை. கொன், தி சிக்கலில்லை. ந்-க்குப் பின் உ, அ. உகரத்தில் அழுத்தம் இல்லை, எனவே ந்வ என்று ஒட்டுகிறது. அடுத்து ரீ, அழுத்தம் பெற்ற மெலிய உயிர்; பக்கத்து அ-வை விட்டுப் பிரிகிறது. மிச்சம் அ, இ, ஸ். இங்கே இகரத்தில் அழுத்தம் இல்லை, அய்ஸ் ஒரே அசை. கொன்-தி-ந்வ-ரீ´-அய்ஸ், ஐந்து அசை. கடைசியில் கோடு: ரீ ஈற்றயலில் நிற்கிறது, சொல் ஸ் இல் முடிகிறது, பொது விதி கோடு கேட்கவில்லை. ஆனால் பிரிந்து நிற்கும் மெலிய உயிர் கேட்கிறது, போடுகிறோம். இந்தச் சொல்லைத் தயங்காமல் பிரிக்க முடிந்தால் வேறு எந்த வினை வடிவமும் உங்களைத் தடுக்காது.

ஓரசை வினைகள் மட்டும் பாக்கி. ஒரே அசை என்றால் அழுத்தம் எங்கே என்ற கேள்வியே இல்லை, கோடும் இல்லை: ‘போனார்’ ஃப்வே, ‘கொடுத்தார்’ த்யோ, ‘பார்த்தார்’ ப்யோ. விலக்கு இரண்டு: ‘எனக்குத் தெரியும்’ என்ற ஸே´, ‘கொடுக்கட்டும்’ என்ற தே´. ஒரே எழுத்துகளில் வேறு இலக்கணச் சொற்கள் இருப்பதால் பிரித்துக்காட்டக் கோடு. பழைய அச்சு நூல்களில் ஃப்வே, த்யோ போன்றவை கோட்டோடு வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 1713-இல் தொடங்கிய ஸ்பானிஷ் அரச அகாதெமி 1952-இல் அந்தக் கோட்டை எடுத்துவிட முடிவு செய்தது; 1959 தொடக்கத்திலிருந்து அது கட்டாயமானது. 2010-இல் வந்த எழுத்திலக்கண நூல் இன்னொரு கூட்டத்தையும் இதில் சேர்த்தது. ‘அவர் சிரித்தார்’ ற்யோ, ‘வழிகாட்டினார்’ க்யோ ஆகியவற்றை இரண்டு அசையாகச் சொல்லும் ஊர்கள் இருந்தாலும், எழுத்தில் அவை ஓரசை, கோடு கிடையாது. ‘நான் சிரிக்கிறேன்’ என்பது மட்டும் றீ´-ஒ, இரண்டு அசை, கோட்டோடு. 2010-க்கு முன் அச்சான பாடநூல் வைத்திருந்தால் இந்த இடத்தில் மட்டும் அதைப் பின்பற்றாமல் விட்டுவிடுங்கள்.